மதாம் ரூத் சொன்ன ‘வாறன்’

பெப்ரவரி 12, வியாழன்.

நான் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று தெரியவில்லை.

கோட்-டெ-நெய்ஜ் முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்ளும் மதாம் ரூத் ஒரு காலத்தில் நியூயோர்க்கில் மேடை நடிகை. சில படங்களிலும் நடித்தவர். இப்போது ஞாபகம் போய்விட்டது. ஆனாலும் எங்களில் யாரையும் அப்படியே நடித்துக் காட்டுவார். இன்று மகள் வந்து, “அம்மா, என்னோடு நியூயோர்க்குக்கு வருகிறீர்களா?” என்று கேட்டாள். அவர் என்னைப் போலவே தலையை ஆட்டி, என் குரலிலேயே “வாறன்” என்றார்.

மகள் என்னிடம் அர்த்தம் கேட்டாள். “வருகிறேன் என்கிறார்” என்றேன். அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். சனிக்கிழமை பயணமாம்.

ஆனால் அந்தச் சொல்லை அவர் பிடித்தது என்னிடம்தான். தினமும் வீட்டுக்குப் புறப்படும்போது, போய்வருகிறேன் என்ற பொருளில், கதவடியில் நின்று நான் சொல்வது அது. அப்படியென்றால் மகளிடம் விடைபெற்றாரா? இல்லை, சும்மா என்னை நடித்தாரா?

வீட்டில் இவரிடம் கேட்டேன். “அவ மாட்டன் எண்டு சொல்லேல்லைத்தானே, விடும்” என்றார்.

விட முடியவில்லை. இன்று இல்லத்திலிருந்து புறப்படும்போதே எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. கதவடியில் தயங்கி நின்றேன். கட்டிலில் இருந்தபடி அவரே சொன்னார்.

“வாறன்.”