குட்டையன் விழுந்தால் யார் தப்பு?

12.3.1985

கௌஸ் பாயின் சாப்பாட்டுக்கடை மாடியில், வீடியோ கேம் கடையில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்து ஒரு வருசம் ஓடிவிட்டது. இன்று பாய் ஒரு கேள்வி கேட்டார். "நவமணி, எத்தனையோ புது மெஷின் எறக்கிட்டேன், எல்லாம் தூசி பிடிச்சு நிக்குது. இந்தக் குட்டையன் மட்டும் எப்படிலா ஓடிக்கிட்டே இருக்கான்?"

குட்டையன் என்பது நாங்கள் வைத்த பேர். திரையில் ஒரு குட்டி மனிதன். பள்ளம் தாண்டுவான், பலகை பலகையாக மேலே ஏறுவான். அவ்வளவுதான் ஆட்டமே. இதில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சித்தியவான் பக்கம் நாங்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், ஈப்போ வந்தோம். அதற்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த மெஷின் முன்னால்தான்.

15.3.1985

அவர் வாட்ச்மேன் வேலைக்கு, ஜாகா என்பார்கள் இங்கே, கிளம்பும்போது கேட்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "விழுந்தா நம்ம தப்பு. அவன் ஏமாத்த மாட்டான். அதான் திரும்பத் திரும்பப் போறோம்."

தோட்டத்தில் கங்காணி ஏமாற்றினான். ரப்பர் பால் நிறுக்கும்போது கணக்கு எழுதுகிற கிராணி ஏமாற்றினான். பாவம், என் மனிதரிடம் நேர்மையாக நடந்துகொண்டது கடைசியில் ஒரு மெஷின்தான்.

2.9.1985

குட்டையன் இரண்டாம் பாகம் வந்து இறங்கியது. என்ன கலர், என்ன பாட்டு! மாடிப்படி வரைக்கும் கூட்டம். பாய் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

20.10.1985

இரண்டாவதைச் சீண்ட ஆளில்லை. வொர்க்ஷாப் ராஜு இன்று அதை ஒரு உதை உதைத்தான். "நான் அமுக்கிட்டேன் அக்கா, அவன் ஆற அமர அப்புறமாத்தான் குதிக்கிறான்!" எல்லாரும் பழைய குட்டையனுக்கே திரும்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சொன்னது எவ்வளவு சரி. தன் தப்பில்லாமல் விழுகிற இடத்துக்கு எவன் திரும்பி வருவான்?

10.6.1986

என் வீட்டுக்காரருக்குப் பள்ளம் தெரியவில்லையாம். "மெஷின்ல லைட்டு கொறைஞ்சிருச்சு, பாய்கிட்ட சொல்லு" என்கிறார்.

லைட் குறையவில்லை.

24.6.1986

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, கண்ணைப் பிடித்துவிட்டது. போன பார்வை போனதுதான் என்றார் டாக்டர். திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தேன். பேசியிருக்க வேண்டும்.

9.8.1986

ஆட்டத்தின் பாதியில், கண் எரிகிறது என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மெஷினில் குட்டையனுக்கு இன்னும் இரண்டு உயிர் மிச்சம் இருந்தது.

தோட்டத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தால், என் நிரையை, எனக்கென்று ஒதுக்கிய மர வரிசையை, முடித்துவிட்டு அவர் நிரையிலும் மீதி மரங்களில் நான்தான் பால் வெட்டுவேன். பால் அவர் பேரில்தான் நிறுப்பார்கள். இல்லாவிட்டால் கங்காணி நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். இன்றும் அப்படித்தான் செய்தேன். மிச்சத்தை நான் ஆடினேன். அதிகப் பாயிண்ட் எடுத்தவர் மூன்று ஆங்கில எழுத்தில் பேர் போடலாம். ஏ, ஒய், வி என்று போட்டேன். ஐயாவு, அவர் பேர். மனசுக்கு நிறைவாக இருந்தது.

30.9.1986

இப்போது தினமும் இதே கதைதான். அவர் பாதியில் போவார், நான் முடிப்பேன். நான் ஆடுவதை அவரிடம் சொல்லவில்லை.

17.11.1986

ராஜு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அண்ணே, கண்ணு சரியில்லேன்னாங்க, இன்னமும் நீங்கதானே ஃபர்ஸ்ட்டு!" அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அவர் முகம் செத்துப்போனது.

வீட்டில் கேட்டார். "எப்ப இருந்து நவம்?"

சொன்னேன். தோட்டத்தில் செய்யாததா என்றேன்.

"அங்க வயித்துக்கு வெட்டுன. இங்க எதுக்கு? ஏறுனாலும் நான் ஏறணும், விழுந்தாலும் நான் விழணும். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்லா."

ஐயோ, நான் என்ன பண்ணிப்புட்டேன். நல்லதுன்னுதானே செஞ்சேன். எனக்கு எப்படித் தெரியும்?

3.2.1987

ஜாகா வேலையை நிறுத்திவிட்டார்கள். கடைக்கும் வருவதில்லை. புந்தோங்கில் எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மாத்திரையைக் கையில் கொடுத்தால் விழுங்காமல், படுக்கிற பாய்க்கு அடியில் வைக்கிறார். இந்த மனிதர் இப்படியே இருந்து இருந்து போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

11.4.1987

சாப்பிட்டார். மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

6.5.1988

குட்டையன் மூன்றாம் பாகத்தைப் பாய் ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொண்டுவந்தார். "போன தடவ மாதிரி கவுந்துட்டா? நீ ஆடிப் பாத்துச் சொல்லு." நான் ஆடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை மட்டும் அமுக்கினேன். விரல் இறங்கியதும் குதிக்கிற சத்தம் கேட்டது. பழைய குட்டையனின் அதே சத்தம். வாங்குங்கள் பாய் என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் கீழே போய்விட்டார்.

8.5.1988

காலையில் சொன்னேன். "மூணாவது வந்திருக்கு. அமுக்குன ஒடனே குதிக்கிறான். வாங்க, நான் கையை வைக்க மாட்டேன்." சுவரைத் தடவி எழுந்து, சட்டை எங்கே என்றார்.

மெஷின் முன்னால் நிறுத்தினேன். இப்போது அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். முதல் பள்ளத்திலேயே விழுந்தார். மறுபடியும் விழுந்தார். பள்ளம் வருகிறது என்று சொல்ல என் வாய் துடித்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை பள்ளத்தைத் தாண்டினார். "தாண்டிட்டான்!" என்று ராஜு கத்தினான். அடுத்ததில் விழுந்தார்.

மெஷினின் ஆட்டுகிற குச்சியைத் தடவிப் பார்த்துவிட்டு, தள்ளி நின்றார்.

"போதும் நவம். இது நான் விழுந்தது. இனிமே இந்த நெரை ஒன்னோடது. ஒன் பேருல வெட்டு."

குச்சியைப் பிடித்தேன். ஆடினேன். கண் நிறைந்து திரையே கலங்கியது. மூன்றாவது பள்ளத்தில் விழுந்தேன். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"யாரு தப்பு?"

"என் தப்புத்தான்."

"அப்ப இன்னொரு டோக்கன் போடு."

போட்டேன். திரை இல்லாத பக்கம் முகத்தையும் மெஷின் பக்கம் காதையும் வைத்துக்கொண்டு, அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.