பெரிய வயலினை நான் நிறுத்திய அன்று

5.2.1982 வெள்ளி

என்ட ஹலோ மச்சான், உங்கள் ஸ்பீக்கர் செற்றை விற்கப் போகிறார்களாம். ஊர்க் கலியாணமெல்லாம் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று தொடங்கி வைத்தவர் நீங்கள். நீங்கள் மௌத்தாகி, புருசன் போனவள் வீட்டுக்குள் இருக்கிற நாலு மாத இத்தாவும் எனக்கு முடிந்துவிட்டது. செற் மட்டும் என் பழைய சாரியைப் போர்த்திக்கொண்டு அறை மூலையில் கிடக்கிறது. என்னைவிட அதற்குத்தான் முக்காடு ஒழுங்காக நிற்கிறது.

உங்கள் தம்பி ஜவுபர் வந்தான். "மச்சி, சும்மா கிடந்தா துருப் புடிக்கும். சாய்ந்தமருதுல ஒராள் கேக்கார்" என்றான்.

"நான் நடத்துறன்" என்று சொல்லிவிட்டேன். என் வாயா அது? ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நீங்கள் தென்னையில் ஏறி ஸ்பீக்கர்க் குழாய் கட்டும்போது கீழே நின்று வயர் பிடித்தது யார்?

"சரி, ஒரு வேலை செஞ்சு காட்டுங்க. ஏதும் பிழை விட்டா செற்றை வந்து தூக்கிருவன்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

8.2.1982

வேலை வந்துவிட்டது. கலியாணமும் இல்லை, சுன்னத்து வைக்கிற கத்னா வீடும் இல்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் செல்லோ வாசிக்கப் போகிறாளாம். மடியில் அடங்காத பெரிய வயலின், தரையில் ஊன்றிக் கட்டிப்பிடித்துத்தான் வாசிக்க வேண்டுமாம். பக்கத்தில் மேளமில்லை, பாட்டுக்காரர் இல்லை, அவள் ஒருத்திதான்.

"முதல்ல அந்தக் காலத்து இசை தங்கச்சி, பொறகு இந்தக் காலத்து இசை" என்றார் வேலை சொல்ல வந்த பள்ளிக்கூடத்து அழகரெத்தினம் மாஸ்டர். தலையாட்டினேன். விளங்கினவள் மாதிரி.

9.2.1982

பக்கத்து வீட்டு றபீக்கா வேலியால் எட்டிப் பார்த்தாள். "பொம்புளை போய் மைக்குக்குப் பக்கத்துல குந்தினா ஊர் என்னகா சொல்லும்?"

"ஊருக்குச் சொல்றதுக்கும் என்ட ஸ்பீக்கர்தான் வேணும்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன்.

13.2.1982 சனி

அல்லாவே.

பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. அம்பிளிபயருக்குப் பக்கத்தில் நான். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு ஜவுபர். நான் துடைத்துத் துடைத்து வைத்த மைக்கை அந்தப் பெண் சிரித்தபடி ஓரமாக நகர்த்திவிட்டாள். பழைய இசைக்கு மைக் வேண்டாமாம்! வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லக்கூடாது — பக்கத்து அறையில் ஓர் ஆம்பிளை வாயைத் திறக்காமல் முனகிக்கொண்டு வேலை செய்கிற மாதிரி ஒரு சத்தம். கண் கலங்கிவிட்டது. உழைக்க வந்த இடத்தில் அழுகிறாள் பார்.

பிறகு இந்தக் காலத்து இசை. அவள் முன்பே வாசித்துப் பதிந்த கசற் ஒன்று நம் செற்றில் ஓடுமாம், அதோடு சேர்ந்து அவளும் வாசிப்பாளாம். கசற்றில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கீ— என்று ஒரு கூவல். மைக்கைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் வருமே, நீங்கள் நிப்பாட்டுவீர்களே, அதே கூவல். செற் போச்சு, மானம் போச்சு, வாசல்ல ஜவுபர் நிக்கான் — சுவிச்ச நிப்பாட்டிட்டன்.

அவள் வில்லைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். மாஸ்டர் ஓடிவந்தார்.

"தங்கச்சி, அதுதான் இசை!"

"இந்தக் கூவலா?"

"ஓம்!"

"அப்ப எங்கட மச்சான் இவ்வளவு காலமும் இசையையா நிப்பாட்டினாரு?"

முன்வரிசை கேட்டுவிட்டது. அங்கே தொடங்கிய சிரிப்பு பின்சுவர் வரை போனது. மாஸ்டர் இங்கிலீசில் சொல்ல, அந்தப் பெண்ணும் செல்லோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பிறகு, முதலிலிருந்து போடச் சொல்லிக் கையால் காட்டினாள்.

போட்டேன். கூவியது. அதோடு சண்டைக்குப் போவது போல அவளும் வாசித்தாள். கை பழையபடி சுவிச்சுக்குப் போய்விடக்கூடாது என்று தொடைக்கடியில் வைத்து அமத்திக்கொண்டு கேட்டேன்.

முடிந்து திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஜவுபர் இல்லை.

14.2.1982

செற்றை நானே கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டேன். வந்து தூக்கட்டும்.

17.2.1982

வந்தான். "இதென்ன மச்சி கயிறு?"

"தூக்கு. பிழை விட்டுட்டன்தானே."

தலையைச் சொறிந்தான். பாலமுனையில் ஒரு கலியாணமாம். போன கலியாணத்தில் யாரோ ஒருவனுடைய செற் கூவி, மாப்பிள்ளையின் வாப்பாவுக்குக் காது அடைத்துவிட்டதாம். "வெள்ளைக்காரியெண்டும் பாக்காம, கூவின உடனே நிப்பாட்டின பொம்புளை ஒராள் இரிக்காவாமே, அவவத்தான் அனுப்பணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஓம் எண்டிட்டன். மரத்துல ஏற ஆள் வேணும்தானே? நான் வாறன்."

பிழை விட்டுப் பேர் வாங்கினவள் இந்தக் கரையில் நான் ஒருத்திதான்.

7.3.1982 ஞாயிறு

பாலமுனைக் கலியாணம் முடிந்தது. பெண்கள் பக்கம், ஓலை மறைப்புக்குள் நான். ஜவுபர் தென்னையில். வாழ்த்துப் பேச வந்த பெரியவர் மைக்கோடு நேரே குழாய்க்குக் கீழே போய் நின்றார். கூவியது.

என் விரல் சுவிச்சில்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினேன்.

"மச்சி, நித்திரையா?" என்று மேலேயிருந்து ஒரு சத்தம்.

வரும் வழியில் நினைவு வந்தது. நீங்களும் அப்படித்தான். சுவிச்சில் கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கொஞ்சம் பொறுத்துத்தான் நிறுத்துவீர்கள். காது மந்தமா என்று நான் ஏசுவேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு என்ன கேட்டது, மச்சான்?