உவர்த்தண்ணீர் வடிந்த வயல்

சேசு மரி சூசை துணை

மூதூர்
1965 மார்கழி

அன்புள்ள மகன் இக்னேசியசுக்கு, அப்பு சொல்ல உன் தங்கச்சி மாகிரட் எழுதுவது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகமென்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த மலைக்குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

போன மார்கழிப் புயலில் கடல் ஏறி உப்புப் பூத்துக் கிடந்த வயலுக்கு, விவசாயப் பண்ணையில் கற்று நீ எழுதிய வழி சரிதான் மகன். மழைத்தண்ணீரைத் தேக்கி, உழுது கலக்கி, உப்புக் கரைந்ததும் வடித்துவிடச் சொன்னாய். உன் தம்பி நிக்கலஸ் அப்படியே செய்தான். இரண்டுதரம் வடித்ததும் வரம்போரம் புல் முளைத்தது, மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிப்புக் குறைந்திருந்தது. ஆனால் எங்கள் தண்ணீர் வடிவதற்குப் பள்ளத்து வயலை விட்டால் வேறு வழியில்லை. அது நீங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஸெய்னுதீனின் வயல், புயலில் கடல் ஏறாமல் தப்பிய வயல். அவருடைய பயிர் பாதி நுனி கருகிச் சாய்ந்துவிட்டது. அவர் வரம்பில் நின்று, சூசை அண்ணன், உங்கட மகன் படிச்ச படிப்பு உங்கட வயலுக்கு மட்டுந்தானோ என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நிக்கலஸ், தண்ணி பள்ளத்துக்குப் போகாமல் பனையிலயோ ஏறும், காக்கா என்றான். அதோடு கதைபேச்சு முறிந்தது. கூரை பறந்த அன்று எங்களைத் தன் வீட்டுக்குள் எடுத்தவர் அவர். உன் அம்மா கண்மூடியதும் அங்கேதான், கடைசி மூச்சுவரை தலைமாட்டில் இருந்தது அவர் மனைவி பல்கீஸ். இப்போது கிணற்றடியில் மாகிரட்டைக் கண்டால் அந்த மனுஷி வெறுங்குடத்தோடு திரும்பிவிடுகிறது.

மூன்றாம் தண்ணீர் வயலில் நிற்கிறது. வடித்தால் நாங்கள் விதைக்கலாம், அவருடைய மிச்சப் பயிரும் போய்விடும். வடிக்காவிட்டால் இந்தப் பெரும்போகமும் எங்களுக்கு இல்லை. வரம்பில் மண்வெட்டி வைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நிக்கலஸ் சோறு தின்னாமல் திரிகிறான், என் முகத்தையும் பார்ப்பதில்லை. நீ அனுப்பிய, உப்பைத் தாங்கும் விதைநெல்லை, கருகிய பாதிக்கு விதைக்கட்டுமென்று ஸெய்னுதீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி உள்ளே வைத்தார். இருங்கோ என்று சொல்லவில்லை.

அடுத்தவன் வயலைத் தொடாமல் அந்தத் தண்ணீரைக் கடலோரக் களப்புக்குக் கொண்டுபோக வழி உண்டோ என்று உன் துரைமாரைக் கேள். உண்டென்றால் கடதாசியில் எழுதாதே, லீவு எடுத்து நீயே வந்து நின்று வாய்க்கால் வெட்டு.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, பூசையைத் தவறவிடாதே. ஆண்டவர் உன் கையையும் காலையும் காப்பாராக. ஒன்றை மறக்காதே மகன், பஸ்ஸால் இறங்கியதும் முதலில் ஸெய்னுதீன் வீட்டு வாசல் படலையில் நின்று கூப்பிடு. அவர் என்ன சொன்னாலும் நின்று கேள். பிறகு வீட்டுக்கு வா.

அன்புள்ள அப்பு
சூசைப்பிள்ளை
(பெருவிரல் அடையாளம்)