தேய்ந்த பால் ஜாயிண்ட்டும் ராமாயி அக்காவின் கையும்

பூதலூர்
18-9-1998

அன்பு மகன் இராஜாங்கத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம். சாவகாசமாக எழுதலாம் என்றால் மனது ஓரிடத்தில் நிற்கவில்லை, மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன கடிதத்தில் உன்னிடம் பொய் சொன்னேனப்பா. நம் பிக்கப் வண்டியின் முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வருகிறது என்றதற்கு, அது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பால் ஜாயிண்ட் தேய்ந்த சத்தம், உடனே மாற்றுங்கள், சக்கரம் மடங்கிய வண்டிகளை இங்கே நான் வேலை செய்யும் ஒர்க்ஷாப்பில் தினம் பார்க்கிறேன் என்று பதில் போட்டாய். மாற்றியாயிற்று என்று எழுதினேன். மாற்றவில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அதிராம்பட்டினத்து மீரா உசேன் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியே காட்டினார். "அண்ணே, கிண்ணத்துல குண்டு லொடலொடங்குது, ரெண்டு பக்கமும் போயிட்டு, வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். நாற்றங்கால் வேலையும் குத்தகைக் கேஸ் வாய்தாவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. வாய்தா முடியட்டும் என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நீ இங்கே இருக்கும்போது போட்ட மனுதான், துரைராசு நிலத்தை முப்பது வருஷமாக உழுகிற நம் தெருப் பதினோரு குடும்பத்தின் பெயரையும் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி. செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கு ஒருவராக ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் கிளம்பினேன். புதாற்றுக் கரை வளைவில் இடது சக்கரம் அப்படியே வெளியே மடங்கிப் படுத்துவிட்டது. ஸ்டியரிங் கையில் இருக்கிறது, வண்டி கேட்கவில்லை. ஓரத்து மைல்கல்லில் இடித்து நின்றது. இல்லாவிட்டால் ஆறு நிறையத் தண்ணீர். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட ராமாயி அக்கா பின்னாலிருந்து தெறித்து விழுந்து வலது கை முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் வாய்தாவும் தவறிப்போய், வரும் வியாழக்கிழமைக்கு மறு தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அன்று சாயந்திரமே தெருவில் பேச்சு வேறாகிவிட்டது. துரைராசு ஆட்கள் போல்ட்டைக் கழற்றிவிட்டார்களாம், யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அறுப்புத் தகராறில் அவர்கள் நம் வைக்கோல்போரைக் கொளுத்திய ஆத்திரம் இன்னும் ஆறாததால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். இருபது பேர் கம்போடு நிற்கிறார்கள். ராமாயி அக்கா மகன் ரெத்தினம் என்னிடமே வந்து, "எங்கம்மா கைய ஒடச்சவன சும்மா விடச் சொல்றீங்களா மாமா?" என்றான். இதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது, அப்படியே நம்பிக்கொள்ளட்டுமே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அங்கே நிற்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒர்க்ஷாப்புக்கு ஓடினேன். மீரா உசேன் வண்டியை இழுத்து வந்து ஜாயிண்ட்டைக் கழற்றி வைத்திருந்தார். ரப்பர் கிழிந்து, கிரீஸ் காய்ந்து, குண்டு ஒரு பக்கம் சப்பையாகிக் கிடந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அத்தனை பேர் முன்னாலும் நீட்டினேன். "யாரும் தொடல. இது தேஞ்சுபோனது. எனக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சேதான் உங்கள ஏத்துனேன்" என்றேன். கூடவே வந்த மீரா உசேனும், "போல்ட்டெல்லாம் இறுக்கமாத்தான் இருந்துச்சு தம்பி, நான்தான் கழட்டுனேன்" என்றார். ரெத்தினம் அதை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தான், கம்பைக் கீழே போட்டான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ்ஸுல போயிருப்பமே மாமா" என்றான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூட்டம் கலைந்துவிட்டது, யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் இரண்டு பக்கமும் மேல் கீழ் நான்கு ஜாயிண்ட்டையும் புதிதாக மாற்றி, தஞ்சாவூரில் வீல் அலைன்மெண்ட்டும் பார்த்தாயிற்று. நட்டை முறுக்கியதும் அது கழலாதபடி கோக்கும் பின்னை மீரா உசேன் என் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்கண்ணே" என்றார். சத்தமே இல்லை. ஆனாலும் இரண்டு மைலுக்கு ஒரு தரம் இறங்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ராமாயி அக்கா காலடியில் நின்றேன். "கை கூடிடும் தம்பி. வாய்தாவுல நம்மளக் காணும்னு துரைராசு சிரிச்சிருப்பானே, அதத்தான் தாங்க முடியல" என்றது. வியாழக்கிழமை கட்டோடு போகிறது, பஸ்ஸில். மற்றவர்களும் அதோடுதான். வற்புறுத்த எனக்கு என்ன வாய் இருக்கிறது? பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். திரும்பும்போது பஸ் கூட்டத்தில் கை இடிபட்டு அக்கா பாதி வழியில் இறங்கிவிட்டால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நோய் நொடி இல்லாமல், செய்கிற வேலையில் நல்ல பெயரோடு நீ நெடுநாள் வாழ வேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம். வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டும் வைத்துக்கொள். இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. திட்டித்தான் எழுதுவாய், பரவாயில்லை, எழுது.

உன் அப்பா,
ந. முருகையன்