நீங்கள் தண்ணீர் ஊற்றும் செடி

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நைட் டூட்டி முடிந்து அசந்து தூங்குகிறீர்கள், அதனால் எழுப்பவில்லை.

மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகுமுன் விதைத்த பூச்செடி என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களே, அது சித்திரப்பாலாடை. கோடையில் தானாக முளைக்கிற களை. தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கிறது. தண்டு சிவப்பு, பொடி இலைகள் எதிரெதிராக இருக்கின்றன. கிள்ளினேன், பால் வந்தது. அழுகை வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிடுங்கவில்லை. விதை கொட்டுவதற்குள் நீங்களே பிடுங்குங்கள், இல்லையென்றால் புல்தரை முழுக்கப் பரவிவிடும்.

பி.கு: சாயங்காலம் மகள் போன் பண்ணுவாள், என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் வர நேரமாகும், நீங்கள்தான் எடுக்கவேண்டும். என்ன விதை போட்டாய் என்று மட்டும் கேளுங்கள். வேறெதுவும் பேசவேண்டாம்.