பத்தொன்பது வயதில் தோற்ற நாலு பாடங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, கர்டிஸ் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. கொலம்பஸில் நான் நலம். பகலில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளுகிறேன், மாலையில் வகுப்பு.

வேதியியலில் 'ஏ' கிரேடு வாங்கிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு நேற்று கல்லூரி ஆலோசகரைப் பார்க்கப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கணினியைத் தட்டிவிட்டு, "மார்க் சராசரி நாலுக்கு 2.61லேர்ந்து 2.66 ஆயிருக்கு சார். மெடிக்கல் காலேஜ்ல சேரப் பத்தாது. பத்தொன்பது வயசுல ஃபெயிலான நாலு பாடமும் அப்படியே நிக்குதே," என்றாள்.

"பதினாறு வருஷம் சுரங்கத்துல கரண்ட் வேலை பாத்தேனே, அது கணக்குல வராதாம்மா?"

"சராசரில வராது."

எரிச்சலில் எழுந்துவிட்டேன். அவள் விடவில்லை. "அந்த வருஷம் என்ன ஆச்சு? விண்ணப்பத்துல எழுதுங்க. படிப்பாங்க."

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவரைக் காட்டிச் சலுகை கேட்பதுதான் கசக்கிறது. இருந்தாலும் எழுதப்போகிறேன். இயற்பியல் வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

நீ செய்யும் ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் அனுப்பு. கடையில் கிடைப்பது வெறும் சர்க்கரை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் ஆபரேஷன் தேதியைப் பார்த்து எழுது, விண்ணப்பத்தில் போட வேண்டும். அவற்றைத் தனியாக உட்கார்ந்து பிரிக்காதே, ஞாயிற்றுக்கிழமை ரூத் சித்தி வரட்டும்.

வார்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் கர்டிஸ்