கவிழ்ந்தால் வெளியே வந்துவிடு

சிசிமியுத், கிரீன்லாந்து,
பிப்ரவரி 11

அன்பு மகள் நுக்காவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், என் வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கின்றன, அதனால்தான் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. அங்கே டென்மார்க்கில், ஆல்போரில் நீயும் சுகமாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை தனியாகக் கயாக்கில் அக்கரைக்குப் போகப்போவதாகச் சொன்னாய், "தண்ணி மூணு டிகிரிப்பா, நம்ம ஊருக்கு அது கோடைக்காலம்" என்று சிரித்தாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், போனில் எனக்கு வாய் வரவில்லை, இனியும் வராது. நம் பக்கத்து வீட்டுத் தபித்தாவின் மருமகன் நாளை உங்கள் ஊருக்கு வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பனிமூட்டம் வந்தால் விமானம் கிளம்பாதே என்று நிமிடத்துக்கொரு தரம் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா திட்டுகிறாள்.

விஷயம் இதுதான். நீ பேசியதற்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில், நான் கயாக்கோடு கவிழ்ந்தேன். புதுத் துடுப்பைச் சோதிக்கலாம் என்று துறைமுக வாய்வரைக்கும்தான் போனேன், பழைய சீல் மிருகத் தோல் சட்டையோடு. நீ வாங்கி அனுப்பிய நீர் புகாத உடுப்பு வீட்டில் ஆணியில் தொங்கியது, அதெல்லாம் டென்மார்க்காரர்களுக்கு என்று நான் சொல்வது உனக்குத் தெரியுமே. தண்ணீர் மேல் பாலேடு மாதிரி மெல்லிய பனி படர்ந்திருந்தது, துடுப்பு அதில் வழுக்கியது, கண்மூடித் திறப்பதற்குள் இடுப்புவரை கயாக்குக்குள் மாட்டியபடி தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கினேன். தலை நனைந்ததும் மூச்சு தானாக உள்ளே இழுத்தது நுக்கா, நான் இழுக்கவில்லை. வாயெல்லாம் உப்புத் தண்ணீர். கவிழ்ந்த கயாக்கோடு முப்பது விதமாக உருண்டு எழத் தெரிந்தவன், போட்டியில் கோப்பை வாங்கியவன், மூன்று தரம் முயன்றும் எழ முடியவில்லை, கை எங்கே துடுப்பு எங்கே என்று தெரியவில்லை. அந்த நேரத்திலும் சாவு நினைவுக்கு வரவில்லை, கயாக்கை விட்டு வெளியே வந்தால் துறைமுகத்தில் சிரிப்பார்களே என்பதுதான் வந்தது. உன் அப்பன் எப்பேர்ப்பட்ட மடையன் பார்.

கடைசியில் வெளியே வந்தேன். கயாக்கைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் கத்தினேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த தபித்தா மோட்டார் படகைத் திருப்பிக்கொண்டு வந்து, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள், "என்னய்யா ஏனோக், குளிக்க வீட்டுல வெந்நீர் வரலையா?" என்றாள். கரைக்கு வந்ததும் ஒரு காப்பி குடித்தால் சரியாகிவிடும் என்று நான் எழுந்து நடக்கப் பார்த்தேன். "நடக்காத, படு! கைகால்ல இருக்கிற குளிர் நெஞ்சுக்கு ஏறினா அவ்வளவுதான்" என்று அதட்டி, மீன் கத்தியால் சட்டையைக் கிழித்துப் போர்வையில் சுற்றினாள். அம்மா இரண்டு நாளும் சீல் இறைச்சிச் சூப்பை டொக்கென்று மேசையில் வைத்தாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான்.

இப்போது நானே சொல்லக் காரணம் இருக்கிறது. நீ பிறந்த வருஷம்தான் என் அண்ணன் கடலில் இறந்துபோனார், இறந்தவர் தன் பெயரோடு குழந்தையில் திரும்பி வருவார் என்ற நம் வழக்கப்படி அவர் பெயரை உனக்கு வைத்தோம், தொட்டிலில் கிடந்த உன்னையே அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அவரைக் கண்டெடுத்தபோது கயாக்கிலேயே உட்கார்ந்திருந்தார், கடைசிவரைக்கும் இறங்கவே இல்லை என்று உன்னிடம் எத்தனை தரம் பெருமையடித்திருப்பேன். ஒன்பது வயதில் நீ பயிற்சியில் கவிழ்ந்து, பயந்து வெளியே வந்தபோது, "நுக்கா பேரை வெச்சுக்கிட்டு இறங்கிட்டியேடி" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் இறங்கியதில்லை. அதை நினைத்துத்தான் இப்போது இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லையம்மா. மூச்சு நின்றிருக்கும், விரல் மரத்திருக்கும், கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லை. வெளியே வரத்தான் அவரும் துடித்திருப்பார், முடியவில்லை, அவ்வளவுதான். நான் கேட்ட அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், உன் காலில் விழுந்து எடுத்துக்கொள்கிறேன்.

போகாதே என்றால் நீ கேட்கமாட்டாய், என் மகள்தானே. துணைக்கு இன்னொரு கயாக் இல்லாமல் மட்டும் போகாதே. எனக்கு வாங்கி அனுப்பிய மாதிரி நீர் புகாத உடுப்பை நீயும் போட்டுக்கொள். கவிழ்ந்தால் ஒரு தரம் எழப் பார், முடியாவிட்டால் வெளியே வா, கத்து, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

கடலும் காற்றும் உன்னிடம் நல்லபடியாக நடந்துகொள்ளட்டும், நீ நூறாண்டு இரு. கருவாடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், அறைத்தோழி நாற்றம் என்று சொன்னால் ஜன்னல் பக்கம் வை. சனிக்கிழமை கரையேறியதும் துணி மாற்றிவிட்டு உடனே போன் செய், அதுவரை நான் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

வெளியே வந்ததால் உயிரோடு இருக்கும்
உன் அப்பா,
ஏனோக்